ஸ்கோர் 97 வந்தும் கிரிப்பர் ஏன் தவறுகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆபரேஷன் முடிந்த அலுமினிய ஃபிளாஞ்சுகள் (துளைகள் உள்ள வட்டத் தகடுகள்) கறுப்பு பிளாஸ்டிக் ட்ரேயில், ட்ரேக்குப் பன்னிரண்டாக வருகின்றன. ரோபோ அவற்றைத் தன் கிரிப்பரால், அதாவது பிடிக்கும் கையால், ஒவ்வொன்றாக எடுத்து சிஎன்சி மெஷினின் சக்கில் (பொருளை இறுகப் பிடித்துச் சுழற்றும் பகுதியில்) மாட்ட வேண்டும். ட்ரேக்கு ஒரு மீட்டர் மேலே, அசையாமல் ஒரு 2டி கேமரா. படத்தில் தெரிவது மாதிரியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மென்பொருள் தரும் மேட்சிங் ஸ்கோர் காலையில் 92 முதல் 98 வரை இருக்கிறது. மாலை மூன்று மணிக்கு மேல் அறுபதுகளுக்கு இறங்குகிறது. பார்ட் கிடைக்கவில்லை என்று ரோபோ அடிக்கடி நின்றதால், ஏற்றுக்கொள்ளும் குறைந்தபட்ச ஸ்கோரான த்ரெஷோல்டை 70-இலிருந்து 50-க்குக் குறைத்திருக்கிறீர்கள். நிற்பது குறைந்துவிட்டது. ஆனால் இப்போது ஷிஃப்டுக்கு ஓரிரு முறை காலிக் குழிக்குள் போய்க் காற்றைப் பிடிக்கிறது. அது போதாதென்று, 97 வாங்கிய ஃபிளாஞ்சுகளே சில நேரம் 3 மி.மீ. தள்ளிப் பிடிபடுகின்றன, அதுவும் ட்ரேயின் ஓரத்தில் இருப்பவை மட்டும். வேறு சில கோணம் மாறிப்போய் சக்கில் உட்கார மறுக்கின்றன. ஆக, ஸ்கோர் எத்தனைக்கு மேல் வந்தால் நம்பலாம் என்று கேட்கிறீர்கள்.

அப்படி ஓர் எண்ணை நான் சொல்லப்போவதில்லை. உங்கள் ஒரு கேள்விக்குள் நான்கு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு ஸ்கோரில் நன்றாகத் தெரியும், ஒன்று அரைகுறையாகத் தெரியும், ஒன்று தெரியவே தெரியாமல் போகலாம். எது எது என்று பிரிக்க வேண்டுமானால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன 70-ஐ வைத்து, உங்களிடம் இருப்பது ஃபானக் ரோபோவோடு வரும் கேமரா மென்பொருளான ஐஆர்விஷன் என்று ஊகிக்கிறேன். அதில் பொருளைத் தேடும் கருவியான ஜிபிஎம் லொகேட்டரில் ஸ்கோர் த்ரெஷோல்ட் வரும்போதே 70-ஆகத்தான் இருக்கும். காக்னெக்ஸின் பேட்மேக்ஸ், எம்விடெக்கின் ஹால்கான் போன்ற மற்ற மென்பொருள்கள் எல்லாவற்றிலும் உள்ளே நடப்பது ஏறத்தாழ ஒரே வகை வேலை. ஒவ்வொருவரும் அதை எண்ணாக்கும் விதம்தான் வேறு. ஹால்கானின் முறையை கார்ஸ்டன் ஸ்டெகர் 2000-களின் தொடக்கத்தில் கட்டுரைகளாகவே எழுதி வெளியிட்டுவிட்டார் என்பதால் அதை வைத்துச் சொல்வது எளிது.

மாடலை டீச் செய்யும்போது, அதாவது எதைத் தேட வேண்டும் என்று ஒரு பொருளைக் காட்டிக் கற்பிக்கும்போது, மென்பொருள் உங்கள் ஃபிளாஞ்சின் படத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களை, அதாவது விளிம்புகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு விளிம்புப் புள்ளியிலும் வெளிச்சம் எந்தத் திசையில் கூடுகிறது என்று ஓர் அம்பு போட்டு வைக்கிறது. ஓடும்போது வரும் புதிய படத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அந்த அம்புக் கூட்டத்தை வைத்துப் பார்க்கிறது. மாடலின் அம்பும் படத்தின் அம்பும் ஒரே திசையில் இருந்தால் அந்தப் புள்ளிக்கு 1. செங்குத்தாக இருந்தால் 0. நேர் எதிராக இருந்தால் கழித்தல் 1. எல்லாப் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அதுதான் ஸ்கோர். ஹால்கானில் 0.97 என்று வரும், வேறொன்றில் 97 என்று வரும். ஆனால் ஒரே படத்துக்கு இரண்டு மென்பொருளும் ஒரே எண்ணைத் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து ரோபோ செல்லில் (ரோபோவும் மெஷினும் இருக்கும் வேலையிடத்தில்) வேறு பிராண்டு 85-இல் ஓடுகிறது என்பதால் உங்களுடையதையும் 85-க்கு ஏற்றுவதில் அர்த்தமில்லை.

இந்தக் கணக்கில் அம்பின் நீளம் வருவதில்லை, திசை மட்டும்தான் வருகிறது. அதனால் படம் மொத்தமாகக் கொஞ்சம் இருண்டாலும் வெளுத்தாலும் ஸ்கோர் பெரிதாக அசையாது. பாதி மறைந்த பொருளுக்கு 0.5-க்கு மேல் கிடைக்காது. மாடலின் பாதி விளிம்புகளே அங்கே இல்லை. அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: படத்தில் கூடுதலாக என்ன இருந்தாலும் இந்தக் கணக்கு கண்டுகொள்ளாது. ஃபிளாஞ்சின் மேல் ஒரு ஸ்பேனர் கிடந்தால், அது மறைக்கிற விளிம்புகளுக்கு மட்டுமே மதிப்பெண் குறையும். ஸ்பேனர் அங்கே இருப்பதற்காகக் குறையாது. காக்னெக்ஸில் இப்படிப்பட்ட வேண்டாத விளிம்புகளையும் சேர்த்து மதிப்பெண்ணைக் குறைக்கும் தெரிவு உண்டு. உங்கள் மென்பொருளில் அது இருக்கிறதா, இருந்தால் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய நார்மலைஸ்டு கோரிலேஷன் முறை வேறு. அது விளிம்பைப் பார்க்காமல் பிக்சல்களின் சாம்பல் நிறத்தையே ஒப்பிடும். ஓப்பன்சிவியின் டெம்ப்ளேட் மேட்சிங்கை யாராவது வீட்டில் ஓட்டிப் பார்த்திருந்தால் கழித்தல் 1 முதல் 1 வரை எண் வந்திருக்கும், அந்த 0.8-க்கும் இந்த 0.8-க்கும் உறவில்லை. டீப் லேர்னிங் தரும் கான்ஃபிடன்ஸ், அதாவது தன் விடையை அது எவ்வளவு நம்புகிறது என்ற எண், இன்னொரு ஜாதி. 0.9 என்று சொன்னால் பத்துக்கு ஒன்பது சரி என்று பொருள் கொள்ள முடியாது. நவீன நியூரல் நெட்வொர்க்குகள் தேவைக்கு மேல் தன்னம்பிக்கை காட்டுகின்றன என்று 2017-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்தது.

இப்போது உங்கள் ஃபிளாஞ்சுக்கு வருவோம். நீங்கள் அளவு சொல்லவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொள்கிறேன். விட்டம் 140 மி.மீ., படத்தில் ஒரு மி.மீ.க்கு மூன்றரை பிக்சல், ஆக வெளிவட்டம் சுமார் 490 பிக்சல். நடுத்துளை 200 பிக்சல். நான்கு போல்ட் துளைகள், ஒவ்வொன்றும் 40 பிக்சல். கோணத்தைத் தீர்மானிக்கும் டவல் துளை (பொருத்தும் ஊசி நுழையும் துளை) ஒன்று, 20 பிக்சல். பிக்சலுக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் வெளிவட்டத்துக்கு 1,540 புள்ளிகள், நடுத்துளைக்கு 628, போல்ட் துளைகள் நான்குக்கும் சேர்த்து 503, டவல் துளைக்கு வெறும் 63. மொத்தம் 2,734. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

காலிக் குழியில் போய்ப் பிடிப்பது ஏன்? ட்ரேயின் குழி ஃபிளாஞ்ச் உட்காருவதற்காகவே செய்தது. அதன் வாய் கிட்டத்தட்ட ஃபிளாஞ்சின் அளவே உள்ள வட்டம். வெளிச்சம் வாகாக விழும் நேரத்தில் அந்த வாய் ஒரு நல்ல வட்ட விளிம்பாகத் தெரியும். மாடலின் வெளிவட்டம் முழுவதும் அதோடு பொருந்திவிட்டால் 2,734-க்கு 1,540, அதாவது 56 சதவீதம். த்ரெஷோல்ட் 70 ஆக இருந்தவரை இது வெளியே நின்றது. 50-க்கு இறக்கியதும் கதவு திறந்துவிட்டது. ரோபோ குழம்பவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தது.

இதற்கு மருந்து 60, 65 என்று நடுவில் ஓர் எண் தேடுவதல்ல. மாடலில் குழிக்கும் ஃபிளாஞ்சுக்கும் பொதுவாக இருக்கும் வெளிவட்டத்தை மாஸ்க் போட்டு, அதாவது கணக்கில் சேராதபடி மறைத்து, எடுத்துவிடுங்கள், அல்லது அதன் பங்கைக் குறையுங்கள். நடுத்துளையும் போல்ட் துளைகளும் மட்டுமே மாடல் என்றால் காலிக் குழிக்குக் கிடைக்கக்கூடியது ஏறக்குறைய பூஜ்யம். வெளிவட்டம்தானே பெரிதாக, தெளிவாகத் தெரிகிறது, அதைப் போய் எடுக்கச் சொல்கிறாரே என்று தோன்றலாம். பெரிதாகத் தெரிவது வேறு, இந்தப் பொருளுக்கு மட்டுமே உரியதாக இருப்பது வேறு. மாடலுக்கு வேண்டியது இரண்டாவது.

மாலைச் சரிவு வெளிச்சத்தின் வேலை. மேற்குப் பக்கம் ஜன்னலோ ஷட்டரோ ஃபைபர் கூரைத் தகடோ இருக்கும், பாருங்கள். அம்பின் நீளம் கணக்கில் இல்லை, வெளிச்சம் கூடினால் என்ன என்று கேட்கலாம். மொத்தமாகக் கூடினால் ஒன்றுமில்லை. சாய்வாக ஒரு பக்கத்திலிருந்து வந்தால்தான் வினை. காலையில் கறுப்பு ட்ரேயின் மேல் வெள்ளி நிற ஃபிளாஞ்ச். வெளிவட்டத்தின் எல்லா அம்புகளும் உள்நோக்கி. மாலையில் பளபளப்பான பிளாஸ்டிக்கில் வெயில் பட்டுத் தெறிக்கும் இடத்தில் ட்ரே ஃபிளாஞ்சை விட வெளிச்சமாகிவிடும். அந்தப் பகுதியில் அம்புகள் திரும்பிக்கொள்ளும். திரும்பிய அம்புக்கு மேலே சொன்ன கணக்கில் பூஜ்யம்கூட இல்லை, கழித்தல். இரண்டும் சேர்ந்து வெளுத்து, படத்தில் பதியக்கூடிய உச்ச வெளிச்சமான 255-இல் முட்டிவிட்டால் விளிம்பே இருக்காது. பொலாரிட்டியைக் (எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்பதை) கண்டுகொள்ளாதே என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் ஸ்கோர் ஏறும், கூடவே குழியின் வாய் போன்ற பொய் விளிம்புகளின் ஸ்கோரும் ஏறும். நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது வெயிலின் பங்கைச் சுருக்குவது. பலமான சிவப்பு எல்இடி விளக்கு, லென்ஸின் முன்னால் அந்தச் சிவப்பை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர், எக்ஸ்போஷர் நேரத்தை முடிந்தவரை குறைப்பது. எக்ஸ்போஷர் குறையும்போது வெயிலும் குறையும், விளக்கும் குறையும். விளக்கை மட்டும் ஸ்ட்ரோபாக, அதாவது படம் எடுக்கும் கணத்தில் பலமாக மின்னவைத்து, கூட்டிக்கொள்ளலாம், வெயிலைக் கூட்ட யாராலும் முடியாது. அவ்வளவு செலவுக்கு அனுமதி வாங்க ஒரு மாதம் ஆகும் என்றால் அதுவரை செல்லைச் சுற்றி ஒரு கறுப்புத் திரை. நானே பல இடங்களில் கடைசியில் திரையோடு நின்றிருக்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிச்சத்தோடு சேர்த்து டீச் செய்த படத்தையும் திறந்து பாருங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தப்பு இது: ஒரு பம்ப் ஹவுசிங்கை எடுத்து வேஸ்ட் துணியால் பளிச்சென்று துடைத்து, கேமராவின் நேர் கீழே வைத்து, அழகான மாடல் ஒன்று செய்தேன். ஸ்கோர் 99. மறுநாள் கூலன்ட் வழிய வந்தவற்றுக்கு 72, 75. "சார், நேத்து நல்லாத்தானே எடுத்துச்சு" என்றார் ஆபரேட்டர். நேற்று எடுத்தது நான் துடைத்து வைத்தவற்றை. மாடலைத் திறந்து பார்த்தால் பொருளின் நிழலும் அதில் ஒரு விளிம்பாக உட்கார்ந்திருந்தது, ஒரு கீறலும் இருந்தது. கேமராவின் நடுவில் வைத்தால் நிழல் பொருந்தும், ஓரத்தில் வைத்தால் நிழல் வேறு பக்கம் சாயும், ஸ்கோர் விழும். அன்றிலிருந்து லைனில் வருகிற சாதாரண பீஸ் ஒன்றை, எண்ணெயோடு, அப்படியே வைத்துத்தான் டீச் செய்கிறேன். நிழல், கீறல், காஸ்டிங்கில் இருக்கும் ஹீட் நம்பர் (எந்த உருக்கு லாட் என்று காட்டும் எண்), ஒட்டிய உலோகச் சிப் எல்லாவற்றையும் மாஸ்க் செய்துவிட வேண்டும். ஹீட் நம்பர் மாதத்துக்கு மாதம் மாறும், அது மாடலில் இருந்தால் அடுத்த லாட்டில் உங்களுக்குக் காரணமே புரியாமல் மூன்று மதிப்பெண் குறையும்.

கோணம் மாறுவதற்கு வருகிறேன். மேலே போட்ட கணக்கில் உங்கள் ஃபிளாஞ்சை 90 பாகை தவறாகத் திருப்பி வையுங்கள். வெளிவட்டம் பொருந்தும், நடுத்துளை பொருந்தும், நான்கு போல்ட் துளைகளும் ஒன்றுக்கொன்று இடம் மாறிப் பொருந்தும். பொருந்தாமல் போவது டவல் துளையின் 63 புள்ளிகள் மட்டும். ஸ்கோர் 97.7. சரியான கோணத்துக்கும் தவறான கோணத்துக்கும் இடையே மொத்த வித்தியாசமே இரண்டே கால் மதிப்பெண்! ஒரு துளி கூலன்ட் டவல் துளையில் தேங்கினால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். மென்பொருளுக்குள் ஒரே இடத்தில் நான்கு கோணங்களில் நான்கு விடைகள் போட்டியிடும். ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் அதிக ஸ்கோர் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். அன்றைக்கு 95.1-க்கும் 95.3-க்கும் போட்டி என்றால் ஜெயிப்பது யார் என்பது கிட்டத்தட்ட பூவா தலையாதான். உங்களுக்கு வெளியே தெரிவது ஜெயித்தவனின் எண் மட்டும்.

தேடும் விதமும் இதற்குத் துணைபோகிறது. வேகத்துக்காக மென்பொருள் முதலில் படத்தைச் சுருக்கி, அந்தச் சின்னப் படத்தில் தேடி, நம்பிக்கையான இடங்களை மட்டும் பெரிய படத்தில் நுணுக்கிப் பார்க்கும். எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் 20 பிக்சல் டவல் துளை இரண்டரை பிக்சலாகிவிடும். அந்தக் கட்டத்தில் அதைத் துளை என்று சொல்லவே முடியாது.

த்ரெஷோல்டை 98-க்கு ஏற்றினால் இது தீருமா என்று சிலர் முயன்று பார்ப்பார்கள். நல்ல பீஸ்களில் பாதி கழிந்துபோகும், அவ்வளவுதான். இரண்டு படியாகச் செய்வதே சரி. முதல் தேடலில் இடத்தையும் நான்கில் ஏதோ ஒரு கோணத்தையும் கண்டுபிடியுங்கள். பிறகு டவல் துளை இருக்கக்கூடிய நான்கு இடங்களிலும் ஒரு சின்னச் சதுரம் போட்டு எங்கே இருக்கிறது என்று தனியாகக் கேளுங்கள். அந்தச் சின்ன மாடலில் டவல் துளைதான் முழு நூறு மதிப்பெண்ணும். ஐஆர்விஷனில் மாடலின் ஒரு பகுதியை எம்ஃபசிஸ் ஏரியா என்று குறித்து, அது கிடைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியும். உங்கள் வேலைக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம், ஆனால் எனக்கு இரண்டு படிதான் பிடிக்கும். தவறு நடந்தால் எந்தப் படியில் நடந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

இனி அந்த 3 மி.மீ. இதுதான் ஸ்கோரில் தெரியாமல் போகக்கூடியது. ஓரத்தில் மட்டும் தள்ளிப்போகிறது என்று நீங்கள் சொன்னதால் எனக்கு முதலில் தோன்றுவது உயரம். கேமரா பார்ப்பது ஒரு படம். அந்தப் படத்தின் ஒரு பிக்சலை மி.மீ. ஆக்கும்போது பொருள் இன்ன உயரத்தில் இருக்கிறது என்று ஒரு நம்பிக்கையோடுதான் மாற்றுகிறது. ஃபிளாஞ்ச் அந்த உயரத்தை விட 10 மி.மீ. மேலே இருந்தால், ஒரு மீட்டர் தூரக் கேமராவுக்கு எல்லாம் 1 சதவீதம் பெரிதாகத் தெரியும். நடுவில் இருக்கும் ஃபிளாஞ்ச் நடுவிலேயே தெரியும். நடுவிலிருந்து 300 மி.மீ. தள்ளி மூலையில் இருப்பது 303-இல் இருப்பதாகத் தெரியும். உங்கள் 3 மி.மீ. அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ட்ரே சப்ளையர் மாறியிருக்கலாம், அடியில் யாராவது ரப்பர் ஷீட் போட்டிருக்கலாம், ட்ரேயே சூட்டில் வளைந்திருக்கலாம்.

இதில் ஸ்கோர் ஏன் வாய் திறக்கவில்லை? அளவு மாறினாலும் தேடு என்று ஸ்கேலைத் திறந்து வைத்திருப்பீர்கள். 1 சதவீதம் பெரிய ஃபிளாஞ்சை மென்பொருள் 1.01 ஸ்கேலில் சந்தோஷமாகப் பொருத்தி 97 கொடுத்துவிடும். ஸ்கேலை மூடியிருந்தால் கதை வேறு: 490 பிக்சல் வட்டம் 495 ஆகும், ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட இரண்டரை பிக்சல் விலகும். ஐஆர்விஷன் பொறுத்துக்கொள்ளும் விலகல், மாற்றாமல் விட்டிருந்தால், 1.5 பிக்சல். அதைத் தாண்டிய விளிம்பு கிடைக்காத விளிம்பு, ஸ்கோர் தடாலென்று விழுந்து ரோபோ நின்றிருக்கும். நின்றதற்காக எல்லோரும் உங்களைத் திட்டியிருப்பார்கள், ஆனால் உயரம் மாறிய அன்றே தெரிந்திருக்கும். அதனால்தான் பொருள் ஒரே உயரத்தில் வரும் வேலைகளில் நான் ஸ்கேலைத் திறப்பதே இல்லை. உயரம் உண்மையிலேயே மாறும் என்றால், கண்டுபிடித்த அளவை வைத்தே உயரத்தைக் கணக்கிடும் டீபேலடைசிங் முறை அதே மென்பொருளில் இருக்கிறது. லேசர் தூர சென்சார் ஒன்றும் போடலாம்.

உயரமா, கேலிபரேஷனா (படத்தின் இடத்தை ரோபோவின் இடமாக மாற்றும் அமைப்பா), டூல் ஃப்ரேமா (கிரிப்பரின் மையம் எங்கே என்று ரோபோவுக்குச் சொல்லும் அமைப்பா) என்று பிரிக்க அரைமணி நேரம் போதும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஃபிளாஞ்ச் வைத்து, பிடிக்கும்போது எந்தத் திசையில் எவ்வளவு தவறுகிறது என்று ட்ரே படத்தில் அம்பு வரையுங்கள். இடது மூலை இடது பக்கம், வலது மூலை வலது பக்கம் என்று எல்லா அம்பும் நடுவை விட்டு விலகிப்போனால், அல்லது எல்லாம் நடுவை நோக்கி வந்தால், உயரம். எல்லா இடத்திலும் ஒரே திசையில் ஒரே அளவு என்றால் யாரோ கேமரா ஸ்டாண்டை இடித்திருக்கிறார்கள். டீச் செய்த கோணத்தில் துல்லியமாகப் பிடித்து, அதே இடத்தில் ஃபிளாஞ்சைத் திருப்பி வைத்தால் மட்டும் தவறினால் டூல் ஃப்ரேமைப் பாருங்கள். இந்த மூன்றிலுமே ஸ்கோர் 97 ஆகவே இருக்கலாம். படத்தில் எங்கே இருக்கிறது என்பது வரைக்கும்தான் மேட்சிங்கின் எல்லை. படத்திலிருந்து ரோபோவின் கைக்குப் போகும் வழி அதற்குத் தெரியாது.

இடத்தின் துல்லியத்தை அறிய ஸ்கோரைவிட ஃபிட் எரர் உதவும். கிடைத்த விளிம்புகள் மாடலிலிருந்து சராசரியாக எத்தனை பிக்சல் விலகியிருக்கின்றன என்பதை அது சொல்லும். பாதி மறைந்த ஃபிளாஞ்சுக்கு ஸ்கோர் 55 வந்தாலும், தெரிகிற பாதி கச்சிதமாகப் பொருந்தினால் இடம் சரியாகவே இருக்கும். இன்னொன்று, ஃபிளாஞ்சை அசைக்காமல் முப்பது படம் எடுத்து எக்ஸ், ஒய், கோணம் எவ்வளவு ஆடுகின்றன என்று பாருங்கள். அந்த ஆட்டத்தைவிட நல்ல துல்லியம் அந்த அமைப்பிலிருந்து வராது.

சரி, இவ்வளவும் செய்த பிறகு த்ரெஷோல்ட் எத்தனை வைப்பது? முதலில் படம் சேருங்கள். இரண்டு மூன்று நாள், எல்லா ஷிஃப்டிலும், ஒரு முந்நூறு படம். நல்ல ட்ரே மட்டும் போதாது. காலி ட்ரே, பாதி ட்ரே, தலைகீழாகக் கிடக்கும் ஃபிளாஞ்ச், அதே போன்ற வேறு மாடல் ஃபிளாஞ்ச் எல்லாம் வேண்டும். ரோபோவை நிறுத்திவிட்டு, த்ரெஷோல்டை 30 வரை இறக்கி, அத்தனை படத்தையும் ஓட்டுங்கள். இறக்காவிட்டால் தவறான விடைகளின் எண் உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் த்ரெஷோல்டை எட்டாது என்று தெரிந்த இடங்களை மென்பொருள் பாதியிலேயே கைவிட்டுவிடும். ஹால்கானில் அந்தக் கைவிடும் அவசரத்துக்கு கிரீடினஸ் என்றே பெயர், வழக்கமாக 0.9. இறக்கினால் தேடும் நேரம் நீள்வதும் இதனால்தான், சைக்கிள் டைம் ஏறியதாக நீங்கள் உணர்ந்திருந்தால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பிறகு இரண்டு எண்களை எழுதுங்கள்: சரியான விடைகளில் மிகக் குறைந்தது, தவறான விடைகளில் மிக அதிகமானது. 81-உம் 44-உம் என்று வந்தால் கவலையே இல்லை, நடுவில் எங்கு வைத்தாலும் ஓடும். 63-உம் 68-உம் என்று ஒன்றையொன்று தாண்டி வந்தால் எந்த எண்ணாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. மாடலுக்கோ வெளிச்சத்துக்கோ திரும்பிப் போங்கள். இடைவெளி இருந்து, எந்தப் பக்கம் சாய்வது என்ற கேள்வி வந்தால், எந்தத் தவறு அதிகச் செலவு என்று யோசியுங்கள். ஒரு ஃபிளாஞ்சைக் காணாமல் விட்டால் இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம், நான்கு நொடி நஷ்டம். தவறாகப் பிடித்தது சக்கில் ஏறி ஸ்பிண்டில் சுற்றினால்? சிஎன்சி ஏற்றும் வேலையில் நான் எப்போதும் மேல் பக்கம்தான் சாய்வேன். அப்புறம் அந்த எண்ணுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள். 70 ஒரு நாள் 65 ஆகும், தீபாவளி அவசரத்தில் 55 ஆகும், யார் மாற்றியது என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள்.

அடுத்து 3டி பின் பிக்கிங் (தொட்டியில் குவிந்து கிடப்பவற்றை எடுப்பது) வரப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு இரண்டு வார்த்தை. பாயின்ட் கிளவுடில், அதாவது 3டி கேமரா தரும் புள்ளிக் கூட்டத்தில், மேட்சிங் செய்யும்போது ஸ்கோர் பெரும்பாலும் மாடலின் மேற்பரப்பில் எத்தனை பங்கு காட்சியில் கிடைத்தது என்பதாகவே இருக்கும். மாடல் கேட் ஃபைலிலிருந்து (கணினி வரைபடத்திலிருந்து) எல்லாப் பக்கமும் சேர்த்து வந்திருக்கும், கேமரா பார்ப்பதோ ஒரு பக்கம். அங்கே 0.4 என்பது நல்ல மதிப்பெண்ணாக இருக்கலாம், பயந்துவிடாதீர்கள். முக்கியமாக, எடுக்கும் வரிசையை ஸ்கோரை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேலே கிடப்பது பளபளத்து ஓட்டை விழுந்த கிளவுடாக 0.3 வாங்கும், அதற்கு அடியில் மங்கலாகக் கிடப்பது 0.45 வாங்கும். கிரிப்பர் அடியில் உள்ளதை உருவப் போனால் மேலே உள்ளது சரியும். ஸ்கோரை வாசல் காவலாக மட்டும் வைத்து, உள்ளே வந்தவற்றை உயரத்தின்படியும் விரல் நுழைய இடம் இருக்கிறதா என்பதன்படியும் வரிசைப்படுத்துவதுதான் வழக்கம்.

உங்கள் செல்லில் நான் போகும் வரிசை இப்படி இருக்கும். இன்றே த்ரெஷோல்டை 70-க்குத் திருப்பி, மாலைக்கு ஒரு திரை கட்டுங்கள். ரோபோ நிற்கட்டும், எத்தனை முறை நிற்கிறது என்று எழுதுங்கள். வார இறுதியில் வெளிவட்டத்தை மாஸ்க் செய்து, டவல் துளைக்குத் தனித் தேடல் போடுங்கள். ஒவ்வொரு பிக்கின் ஸ்கோரையும், ஃபிட் எரரையும், நேரத்தையும் ஒரு ஃபைலில் சேமிக்கத் தொடங்குங்கள், தோற்ற படங்களையும். இரண்டு மாதத்தில் காலை ஸ்கோரே 94-இலிருந்து 89-க்கு மெல்ல இறங்கியிருந்தால் லென்ஸில் எண்ணெய்ப் புகை படிந்திருக்கும், துடைத்தால் ஏறும்.

இதற்கெல்லாம் முன்னால், கையில் ஒரு ஹைட் கேஜோடு போய், ட்ரேயில் உட்கார்ந்திருக்கும் ஃபிளாஞ்சின் மேல் முகம் மேசையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து, டீச் செய்த அன்று வைத்த உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10 மி.மீ. பக்கத்தில் வித்தியாசம் வந்தால் அந்த 3 மி.மீ.க்காகக் கேலிபரேஷனைத் தொடவே வேண்டாம்.